மீடியாவிக்கியை மூலநிரலிலிருந்து இயக்க: நேரடி நிறுவலா, டாக்கரா, வேக்ரன்டா?

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கிவருகிறது. அதில் எழுதுவோரில் பலருக்கு அதைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கி மென்பொருளிலும் கை வைக்க ஆசை உண்டு. ஆனால் சூழலை அமைக்கும் கட்டத்திலேயே பெரும்பாலோர் களைத்துப்போகிறார்கள். அதனால் எந்த வழி நவீனமானது என்ற கேள்வி எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு வரியை மாற்றி, அதன் விளைவை உலாவியில் பார்க்க எந்த வழி விரைவில் விடுகிறது? இந்த ஒன்றை அளவுகோலாக வைத்துத்தான் மூன்று வழிகளையும் எடைபோடுகிறேன்: கணினியில் நேரடியாக நிறுவுவது, தேவையானவற்றைத் தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கர், முழு மெய்நிகர் கணினியை எழுப்பும் வேக்ரன்ட்.

முதலில், சூழலே தேவைப்படாதவர்கள் இரண்டு வகை. இடைமுகத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைத் திருத்த விரும்புபவர் டிரான்ஸ்லேட்விக்கி தளத்துக்குப் போனால் போதும். தமிழ்ச் செய்திகள் அடங்கிய கோப்பு அங்கிருந்துதான் நிரலுக்கு வந்து சேர்கிறது. கோப்பை நேரடியாகத் திருத்துவது வீண் உழைப்பு. மற்றொருவர் அனுப்பிய மாற்றத்தைச் சோதித்துப் பார்க்க மட்டும் விரும்புபவருக்கு பேட்ச் டெமோ என்ற வசதி இருக்கிறது. அந்த மாற்றத்துடன் கூடிய விக்கி ஒன்றை அது இணையத்திலேயே உருவாக்கித் தரும்.

இனி நிரலைத் தொடுபவர்களுக்கு. ஒப்பீட்டுக்கு ஒரு உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம்: பகுப்புப் பக்கத்தில் தமிழ் அகரவரிசை. மீடியாவிக்கியின் இயல்பான அமைப்பு யூனிகோட் எண்களின் வரிசையைப் பின்பற்றுகிறது. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே ‘கனவு’ முதலிலும் ‘கப்பல்’ பிறகும் வருகின்றன. தமிழ் அகராதியைப் புரட்டியவர் எவரும் இதை ஏற்கமாட்டார். தமிழ் வரிசை வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் வரிசை முறையை மாற்றி, பழைய பக்கங்களின் வரிசைச் சாவிகளைப் புதுப்பிக்கும் பராமரிப்பு நிரலை ஓட்ட வேண்டும். மீடியாவிக்கி எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் இன்டல் என்ற பன்மொழி நீட்சியும், அதன் அடியில் இருந்து மொழிவாரி வரிசையைத் தரும் ஐசியூ நூலகமும் இதற்குத் தேவை.

நேரடி நிறுவலில் இந்த வேலை எளிதாக முடிகிறது. உபுண்டு 24.04 போன்ற கணினியில் பிஎச்பி, அதன் சில நீட்சிகள், தேவையான பிற நூலகங்களைக் கொண்டுவரும் கம்போசர் என்ற கருவி ஆகியவற்றை நிறுவுகிறோம். நிரல் மாற்றங்களை மதிப்பாய்வு செய்யும் கெரிட் தளத்திலிருந்து மூலநிரலை, மாற்றங்களின் வரலாற்றைப் பேணும் கிட் என்ற கருவி வழியாக இறக்குகிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு முழுவதும் வேண்டாம் என்று ‘டெப்த்’ அளவைக் குறிப்பிட்டால் பதிவிறக்கம் வெகுவாகக் குறையும். கைபேசி இணையத்தை நம்பியிருக்கும் மாணவர்களுக்கு இது முக்கியம். பிறகு கம்போசர் சார்புகளைக் கொண்டுவரும், தனி வழங்கி தேவைப்படாத எஸ்க்யூலைட் தரவுத்தளத்துடன் விக்கியை நிறுவும், 4000ஆம் துறையில் (போர்ட்) ஒரு சிறு வழங்கியையும் தொடங்கிவைக்கும். பிஎச்பியில் தொகுக்கும் படி கிடையாது. கோப்பைச் சேமித்து உலாவியைப் புதுப்பித்தால் மாற்றம் கண்முன் நிற்கும்.

ஒன்றை மறக்காதீர்கள்: பக்கத்துக்கு வடிவம் தரும் தோற்றங்கள் (ஸ்கின்கள்) தனிக் களஞ்சியங்களில் இருக்கின்றன. வெக்டர் என்ற தோற்றத்தைத் தனியாக இறக்கி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்காவிட்டால், அலங்காரமே இல்லாத மொட்டைப் பக்கம்தான் வரும். நிறுவல் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் விட்டுவிடும் இடம் இது. எதுவும் கெடவில்லை.

இந்த வழியின் பலவீனம் பதிப்புகள். மீடியாவிக்கி 1.43க்கு பிஎச்பி 8.1 வேண்டும், உபுண்டு 20.04 தருவதோ 7.4. வளர்ச்சியில் இருக்கும் முதன்மைக் கிளை இன்னும் புதியதைக் கேட்கலாம். எஸ்க்யூலைட்டுக்கும் எல்லை உண்டு. விக்கிப்பீடியா ஓடுவது மரியாடிபி என்ற தரவுத்தளத்தில். தரவுத்தளக் கேள்விகளை மாற்றி எழுதுபவர் எஸ்க்யூலைட்டில் மட்டும் சோதித்துவிட்டு மதிப்பாய்வுக்கு அனுப்புவது சரியல்ல.

டாக்கரின் பலம் அங்கேதான் தொடங்குகிறது. எந்தெந்தச் சேவைகளை ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பு மூலநிரலிலேயே இருக்கிறது. சரியான பிஎச்பியும், பிழை தேடும் எக்ஸ்டீபக்கும் படிமத்தோடு, அதாவது முன்பே கட்டிவைத்த மென்பொருள் தொகுப்போடு, வருகின்றன. விக்கி 8080ஆம் துறையில் எழும். நம் அகரவரிசை வேலைக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு: ஒரே படிமத்தைப் பயன்படுத்தும் எல்லோரிடமும் ஐசியூ பதிப்பும் ஒன்றே. உங்கள் கணினியில் ஒரு வரிசை, மதிப்பாய்வாளர் கணினியில் வேறு வரிசை என்ற குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் டாக்கர் என்றாலே மரியாடிபி என்று எண்ணிவிட வேண்டாம். இங்கும் இயல்பாக அமைவது எஸ்க்யூலைட்தான். மரியாடிபி வேண்டுமென்றால் கம்போஸ் அமைப்பை மேலெழுதும் கோப்பில் நீங்களே சேர்க்க வேண்டும். சேர்ப்பது கடினமல்ல.

இதற்குக் கொடுக்கும் விலையும் கொஞ்சமல்ல. படிமங்கள் பெரியவை. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் டாக்கர் முன்னொட்டு சேர்கிறது. லினக்ஸில் உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் சூழல் கோப்பில் எழுதாவிட்டால் கோப்பு உரிமைப் பிழைகள் வரிசைகட்டும். மேக்கில் டாக்கர் ஒரு மெய்நிகர் லினக்ஸுக்குள் ஓடுவதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட இந்த மூலநிரலைப் பகிரும்போது வேகம் குறைகிறது. விண்டோஸில் மூலநிரலை சி டிரைவில் வைக்காமல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2க்குள் இருக்கும் லினக்ஸ் கோப்புறையில் வைத்தால் மட்டுமே பொறுத்துக்கொள்ளக்கூடிய வேகம் கிடைக்கும். 4 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியில் டாக்கர் டெஸ்க்டாப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேக்ரன்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. முழு மெய்நிகர் கணினியையே எழுப்பி, விஷுவல் எடிட்டர் போன்ற நீட்சிகளை ஒரே கட்டளையில் இயக்கித் தந்த அருமையான ஏற்பாடு அது. பல சேவைகள் பின்னிப் பிணைந்த நீட்சிகளுக்கு அதன் வசதி இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் நினைவகத்தை அள்ளி விழுங்குகிறது. 2023 ஆகஸ்டில், வேக்ரன்டை வெளியிடும் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் புதிய வெளியீடுகளைக் கட்டற்ற உரிமத்திலிருந்து பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியதில் வேக்ரன்டும் அடங்கும். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க வரும் புதியவரை அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனமில்லை.

ஆக, முதன்முறையாக வருபவருக்கு என் பரிந்துரை நேரடி நிறுவல். உபுண்டு பழையதாக இருந்தாலோ, தரவுத்தளம் தொடர்பான வேலை என்றாலோ டாக்கர். ஒரே கோப்புறையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதென்றால், நிறுவல் உருவாக்கிய அமைப்புக் கோப்பை முதலில் வேறு பெயரில் எடுத்து வையுங்கள். அதில் பழைய முகவரியும் தரவுத்தளப் பாதையும் எழுதப்பட்டிருக்கின்றன; அவை டாக்கருக்குள் பொருந்தா.