வீட்டு ஒலிப்பதிவு அறையில் ரீப்பர் 7: ஒரு மதிப்புரை

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்போன் ஆகியவற்றை வாங்கி வைத்துவிட்ட ஒருவருக்கு அடுத்து எழும் கேள்வி, எந்த மென்பொருளில் பதிவு செய்து, பதிவான ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்வது என்பதுதான். பெரிய ஸ்டுடியோக்களில் எது ஓடுகிறதோ அதையே கற்றுக்கொள்ளும்படி பலரும் சொல்வார்கள். புரோ டூல்ஸ், கியூபேஸ், லாஜிக் ஆகியவை தரமான கருவிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் பதிவாகிற, பாடுவதையும் பதிவு செய்வதையும் பெரும்பாலும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிற அறைக்கு, காக்கோஸ் நிறுவனத்தின் ரீப்பர்தான் பொருந்துகிறது என்பது அதில் நெடுங்காலம் வேலை செய்த பிறகு எனக்கு ஏற்பட்ட உறுதி. அது ஒலிக்குத் தனி நிறம் எதையும் சேர்ப்பதில்லை. மற்ற மென்பொருள்களைவிட இதில் மிக்ஸ் இனிமையாக ஒலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதன் பெருமை, பதிவு நடக்கும்போதும், டேக்குகளை (ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் பாடிய பதிவுகளை) சீர்செய்யும்போதும் வேலைக்குக் குறுக்கே வராமல் இருப்பதில் உள்ளது.

ரீப்பரை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். 1997இல் வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை உருவாக்கியவர் இவர்தான். இன்டர்நெட் மையங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் எம்பி3 பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவருடைய நல்ஸாஃப்ட் நிறுவனத்தை 1999இல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் வாங்கியது. 2004இல் அவர் அங்கிருந்து விலகினார். 2005ஆம் ஆண்டின் இறுதியில் ரீப்பரின் முதல் வெளியீடு வந்தது. நான் இங்கே மதிப்பிடும் ஏழாம் பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. வினாம்ப்பில் இருந்த சிக்கனம் இதிலும் தொடர்கிறது. நிறுவும் கோப்பு சில பத்து மெகாபைட்டுக்கு மேல் போவதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. வேண்டுமென்றால் ஒரு பென் டிரைவில் நிறுவி, வேறொருவருடைய கணினியில் செருகியும் வேலை பார்க்கலாம்.

விலையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை இலவச மென்பொருள் என்று நினைத்துக்கொண்டு பயன்படுத்துகிறவர்கள் நம்மிடையே ஏராளம். முதல் 60 நாட்களுக்கு எந்த வசதியும் குறைக்கப்படாமல், முழு மென்பொருளையும் சோதித்துப் பார்க்கலாம். அதன் பிறகு உரிமம் வாங்க வேண்டும். வாங்காவிட்டாலும் மென்பொருள் நின்றுவிடாது. திறக்கும்போது ஒரு நினைவூட்டல் சில நொடிகள் நிற்கும், அவ்வளவுதான். சொந்தப் பயன்பாட்டுக்கும், இசையால் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஈட்டாதவர்களுக்கும் உரிமம் 60 டாலர். அதற்கு மேல் ஈட்டுகிறவர்களுக்கு 225 டாலர். இரண்டு உரிமங்களுக்கும் கிடைப்பது ஒரே மென்பொருள்தான். இப்போது வாங்கும் உரிமம் எட்டாம் பதிப்பின் கடைசி வரை செல்லும். மாதச் சந்தா எதுவும் இல்லை. இத்தனை நம்பிக்கையோடு கதவைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அந்த 60 டாலரைக் கொடுத்துவிடுவதுதான் நேர்மை என்று கருதுகிறேன். நம் பாட்டை யாராவது பணம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், பிறர் உழைப்பிலும் அதே கணக்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

இனிப் பதிவு. திரையின் மேல் வலது மூலையில் இன்டர்ஃபேஸின் நிலை ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும்: எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை பிட், பஃபர் (கணினி ஒரு முறை கையாளும் ஒலித்துண்டு) எத்தனை சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவீடு), உள்ளே வரவும் வெளியே போகவும் எத்தனை மில்லி நொடி ஆகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. பாடகருக்குத் தன் குரல் ஹெட்போனில் பிந்திக் கேட்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்பது ஒரு திசைக்கு ஏறக்குறைய 2.7 மில்லி நொடி; இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் அதோடு சேரும். பெரும்பாலான பாடகர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். 1,024 சாம்பிளில் வைத்தால் 21 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடும். அப்போது தாளம் தள்ளாடத் தொடங்கும். பதிவுக்குச் சிறிய பஃபரும் மிக்ஸுக்குப் பெரிய பஃபரும் வைத்துக்கொள்வது எந்த மென்பொருளிலும் செய்யக்கூடியதுதான். ஆனால் பழைய மடிக்கணினியில் சிறிய பஃபரில் ஒலி உடையாமல் பல டிராக்குகளை, அதாவது தனித்தனிப் பதிவு வரிசைகளை, ஓட்டுவதில் ரீப்பர் மிகவும் கெட்டி. எந்த டிராக் எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்பதைக் காட்டும் ஒரு பலகை உண்டு. அதிகம் தின்பதை அப்படியே ஒலிக்கோப்பாக உறையவைத்து, பிறகு வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பாடகர்கள் பலர் ஹெட்போனில் கொஞ்சம் ரீவெர்ப் (எதிரொலிப்பு) இல்லாமல் பாட விரும்புவதில்லை. ரீப்பரில் டிராக்கின் மேல் ரீவெர்பை வைத்தால் அது காதுக்கு மட்டும் கேட்கும், பதிவில் ஒட்டாது. உள்ளீட்டுக்கென்று இருக்கும் தனி இடத்தில் வைத்தால் பதிவோடு ஒட்டிவிடும். இந்த இரண்டு இடங்களையும் முதல் நாளே பிரித்தறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தாளத்துக்கும் இடம் இருக்கிறது. மிஸ்ர சாபுவுக்கு 7/8 என்றும் கண்ட சாபுவுக்கு 5/8 என்றும் வைத்து, தாளம் தட்டும் மெட்ரோனோமின் அழுத்தங்களை நாமே வரிசைப்படுத்தலாம். மிஸ்ர சாபுவின் மூன்றும் இரண்டும் இரண்டும் கிளிக்கிலேயே தெரியும். அந்த மின்னணுக் கிளிக்கின் ஒலி பிடிக்கவில்லையென்றால், ஒரு தட்டை நாமே பதிவு செய்து அதன் இடத்தில் வைத்துவிடலாம்.

ஏழாம் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது டேக்குகளைத் தொகுக்கும் முறை. ஒரே பல்லவியை ஐந்தாறு முறை பாடினால் அவை ஒன்றன் கீழ் ஒன்றாகத் தனித்தனிப் பட்டைகளில் அடுக்கப்படும். எந்த டேக்கில் எந்தச் சொல் நன்றாக வந்திருக்கிறதோ அந்தப் பகுதியின் மீது மவுஸை இழுத்தால் போதும், அது மட்டும் மேலே ஏறித் தொகுப்பில் சேர்ந்துவிடும். இணைப்புகளில் ஒலி மெல்ல மாறும் சிறு மங்கலும் தானாகவே விழும். முந்தைய பதிப்புகளிலும் இதைச் செய்யலாம், ஆனால் வெட்டி ஒட்டும் வேலை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்துக்கு நடுவே வெட்டினால், பாடியவர் ஒரே மூச்சில் இரண்டு முறை காற்றை இழுத்ததுபோல் கேட்கும். மூச்சை முழுதாக ஒரே டேக்கிலிருந்து எடுக்க வேண்டும். மென்பொருள் இந்த நுட்பத்தை நமக்காகப் பார்த்துக்கொள்ளாது.

மிருதங்கத்தை இரண்டு மைக்கில் பதிவு செய்கிறவர்களுக்கு ரீப்பர் தரும் உதவியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒரு மைக் என்று வைப்பதே வழக்கம். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமையாக இருக்கும். ஒன்றாகச் சேர்த்தவுடன் தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி மெலிந்து, அடிவயிறு இல்லாத ஒலியாகிவிடும். தொப்பியில் அடி விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. கட்டைக்குள் இருக்கும் காற்று அதே கணத்தில் வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது. இரு பக்கமும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மைக்குகளுக்கும் எதிரெதிரான அலைகள் கிடைக்கின்றன. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ரீப்பரின் மிக்ஸரில் ஒவ்வொரு டிராக்கிலும் ஒலியலையைத் தலைகீழாக்கும் சிறு பொத்தான் இருக்கிறது. ஒரு டிராக்கில் அதை அழுத்தினாலே பல சமயம் கும்கி திரும்பி வந்துவிடும்.

அதோடு தொலைவின் கணக்கும் உண்டு. ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் செல்கிறது. எனவே ஒரே அடி இரண்டு மைக்குகளையும் ஒரே நேரத்தில் சென்றடைவதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லி நொடி என்பது 48 சாம்பிள். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஓர் அடியின் முதல் மேடு இரண்டிலும் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, ஒன்றைச் சில சாம்பிள்கள் நகர்த்தலாம். ஆனால் வலந்தலைக்குப் பொருந்துகிற நகர்வு தொப்பிக்குப் பொருந்தாது என்பதால், கண்ணால் பார்த்து நகர்த்திவிட்டுக் காதால் கேட்டு முடிவெடுக்க வேண்டும். இவ்வளவையும் பணம் கொடுத்து வாங்கிய பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவி) எதுவும் இல்லாமல் செய்துவிட முடிகிறது என்பதுதான் வீட்டு அறைக்கு முக்கியம்.

கூடவே வரும் பிளகின்கள் பார்ப்பதற்கு எளியவை, வேலையில் குறைவில்லாதவை. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைச் சரிசெய்யும் ஈக்யூவும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஸரும் அன்றாட மிக்ஸுக்குப் போதும். ரியாஃபிர் என்ற பிளகின் நம் வீடுகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது, ஏனென்றால் மின்விசிறியின் இரைச்சலை அதைக் கொண்டு குறைக்கலாம். பாட்டு தொடங்குவதற்கு முன் சில நொடிகள் யாரும் மூச்சுவிடாமல் அறையின் இரைச்சலை மட்டும் பதிவு செய்து, அந்தப் பகுதியை அதற்குக் காட்டினால், இரைச்சலின் வடிவத்தைக் கற்றுக்கொண்டு கழிக்கிறது. கற்றுக்கொண்டதும் கற்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் குரலையும் இரைச்சலென்று எண்ணிக் கழிக்கத் தொடங்கிவிடும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். பதிவின்போது விசிறியை நிறுத்திவிடுவது இதைவிட நல்லது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுருதி திருத்தும் ரியாட்யூனைப் பற்றி என் கருத்து அவ்வளவு சாதகமாக இல்லை. அதைத் தானாகத் திருத்தும்படி விட்டால், பாடும் ஒலியைப் பன்னிரண்டு சுரங்களில் அருகிலிருக்கும் ஒன்றுக்கு இழுக்கிறது. மெல்லிசையில் நேராக நிற்கும் நீண்ட சுரங்களுக்கு இது பயன்படும். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரமே அல்ல. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவதுதான் அதன் உயிர். தானியங்கித் திருத்தம் அந்த அசைவைப் படிக்கட்டுகளாக வெட்டிவிடும், ராகம் போய்விடும். இந்தக் குறை ரீப்பருக்கு மட்டும் உரியதல்ல, பன்னிரண்டு சுரக் கட்டத்தை நம்பும் எல்லாத் திருத்திகளுக்கும் உரியது. கமகம் (சுர அசைவு) உள்ள பாட்டில் தவறிய இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, அந்தத் துண்டின் சுருதி வளைகோட்டைக் கையால் சில சென்ட்டுகள் (அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையிலுள்ள தொலைவின் நூறில் ஒரு பங்கு) உயர்த்துவதோ தாழ்த்துவதோ பாதுகாப்பான வழி. அதைவிடப் பாதுகாப்பானது, அந்த வரியைத் திரும்பப் பாட வைப்பது.

குறைகளுக்கு வருவோம். இசைக்கருவிகளின் ஒலிகளை எதிர்பார்த்து இதை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஓர் எளிய சின்த்தும் (மின்னணு ஒலி உருவாக்கி), நாம் கொடுக்கும் ஒலிக்கோப்பை வாசிக்கும் ஒரு சாம்ப்ளரும்தான் உண்டு. பியானோ, டிரம்ஸ், வயலின் குழு எதுவும் கூட வராது, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புகளும் வராது. கீபோர்டை வைத்து முழுப் பாட்டையும் கட்டுகிறவருக்கு, ஒலிகளோடு வரும் லாஜிக் போன்றவை முதல் நாளிலிருந்தே கைகொடுக்கும். ரீப்பரில் அவற்றைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும், அதற்குச் செலவும் ஆகும். மிடி (கீபோர்டில் வாசித்த சுரக் குறிப்புகள்) திருத்தும் சாளரமும் கியூபேஸின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வறண்டு தெரிகிறது.

மெனுக்களின் நீளம் இன்னொரு சுமை. வலது கிளிக் செய்தால் விரியும் பட்டியலைக் கண்டு புதியவர் திகைப்பது இயல்பே. எதையும் மாற்றியமைக்கலாம் என்ற சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலை அது. கேள்விக்குறி விசையை அழுத்தினால் எல்லாச் செயல்களின் பட்டியலும் தேடும் வசதியோடு வரும் என்பது தெரிந்துவிட்டால் பாதித் திகைப்பு அடங்கிவிடும். பயனர் கையேடு நானூறு பக்கங்களைத் தாண்டும், இலவசமாகவே கிடைக்கிறது. கென்னி ஜோயாவின் விளக்கக் காணொளிகள் ரீப்பரின் தளத்திலேயே உள்ளன; அவற்றை வரிசையாகப் பார்ப்பது கையேட்டைப் புரட்டுவதைவிட விரைவான வழி.

கடைசிக் குறை, வேலையை வெளியே கொடுக்கும்போதுதான் தெரியும். புரோ டூல்ஸ் வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு உங்கள் பாட்டைத் திருத்தக்கூடிய திறந்த வடிவில் அனுப்ப முடியாது. மென்பொருள்களுக்கிடையே திட்டத்தைக் கொண்டுசெல்லும் ஏஏஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி ரீப்பரில் உள்ளமைந்து வரவில்லை. எனவே ஸ்டெம்களாக, அதாவது ஒவ்வொரு டிராக்கையும் தனி ஒலிக்கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். டிராக்குகளைத் தேர்ந்தெடுத்து, எல்லாமே பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்கும்படி, 24 பிட் வேவ் கோப்புகளாக ஒரே முறையில் ரெண்டர் செய்துவிடலாம். கோப்பின் பெயரில் டிராக்கின் பெயர் தானாகவே சேரும்படியும் வைக்கலாம். அதோடு உங்கள் மிக்ஸ் ஒன்றையும், பாட்டின் வேகத்தையும் சுருதியையும் எழுதிய ஒரு குறிப்பையும் வைத்து அனுப்பினால், வாங்குகிறவர் எந்த மென்பொருளில் இருந்தாலும் வேலையைத் தொடர முடியும்.