‘24 மடங்கு ஜூம்’ ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் ஏர் ரைஃபிள் ஸ்கோப்புக்கு (குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி) ஒன்பதாயிரம் ரூபாய் அழுதிருக்கிறேன். 50 மீட்டரில் டார்கெட் அடிக்க வாங்கியது. புகார் நடப்பதால் கடை பெயரைப் போடவில்லை.

பெட்டியில் பிரபல அமெரிக்கக் கம்பெனி பெயர், ‘6-24 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்’. சீரியல் நம்பர் எங்கும் இல்லை. உச்சி வெயிலில் எதிர்க்கட்டடத்து போர்டைக் காட்டி, "ஈ உக்காந்தா கூட தெரியும் தலைவா" என்றார் கடைக்காரர். அந்த வெயிலில் எதுதான் தெரியாது? 50-ஐ 24-ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2 மி.மீ. சொச்சம்தான். சாயங்காலம் ஆனால் படம் மங்கிவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. கோளாறு டரட்டில், அதாவது குறியை மேலே கீழே, இடம் வலம் நகர்த்தும் திருகில். ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (கோணத்தை அளக்கும் சின்ன அலகு) என்றால் 50 மீட்டரில் ஒரு கிளிக்குக்குக் குண்டு சுமார் மூன்றரை மி.மீ. நகர வேண்டும். இதில் இரண்டு கிளிக் திருகினால் ஒன்றும் நடக்காது, மூன்றாவதில் எகிறும். தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் ஸ்கோப்பை மட்டும் கழற்றி, பலகையில் வெட்டிய பள்ளத்தில் அசையாமல் இறுக்கி, பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்கின் பைப் முனையில் குறுக்குக்கோட்டை வைத்தேன். மேலே 20 கிளிக், வலது 20, கீழே 20, இடது 20. நல்ல ஸ்கோப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். இது டேங்க் மூடிக்குப் போய்விட்டது! ஜூமைத் திருகினாலும் கோடு நகர்கிறது. இதைக் கடையிலேயே செய்து பாருங்கள், ஸ்கோப்பை அசையாமல் இறுக்கிப் பிடிக்க இரண்டு தடிப் புத்தகம் போதும். கடைக்காரர் விடமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று, மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிள் பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்க வேண்டும். பெரிய துப்பாக்கி ஸ்கோப்பையே அது உலுக்கிப் போட்டுவிடும். என்னுடையதில் அப்புறம் உள்ளேயே பனி படர்ந்தது. ஏசி அறையிலிருந்து கடற்காற்றுக்கு வந்தால் வெளிக் கண்ணாடி வியர்ப்பது சகஜம். உள்ளே வியர்த்தால் சீல் போச்சு என்று அர்த்தம்.

அதே கடையில் ஒரு பள்ளிப் பையனின் அப்பாவிடம் "காம்பெடிஷனுக்கு இதுதான் சார்" என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒலிம்பிக் பாணி 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. பீப் சைட் (லென்ஸ் இல்லாத, சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் அமைப்பு) மட்டும்தான்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "லென்ஸ் ஐட்டம் ரிட்டர்ன் இல்ல தலைவா." கையில் இருந்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத வெள்ளை ‘எஸ்டிமேட்’ சீட்டு. பில் கேட்டால் வரி சேர்த்து விலை ஏறும் என்பார்கள், ஏறட்டும், வாங்குங்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை டைம் உண்டு. நான் சீட்டோடு ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் டரட் சோதனை வீடியோவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.