4 ஜீபி லெப்டொப்பில் விவரணப்படம்: டாவின்சியா, ஷொட்கட்டா, கேடென்லைவா?

காலையில் ஆட்கள் கூடி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கி கொழுந்து நிறுப்பது வரைக்கும் எட்டு நிமிடம், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக எடுத்தோம். படம் பிடிக்க இரண்டு நாள், எடிட் பண்ண மூன்று கிழமை. எந்த எடிட்டிங் மென்பொருள் தோது என்று பார்த்ததில் தெரிந்தது இது.

நிறத்துக்கு டாவின்சி ரிசோல்வுக்கு நிகர் இல்லை. பனிமூட்டத்தில் சாம்பலாகக் கிடக்கும் தேயிலையைப் பச்சையாகக் காட்டும், அதுவும் இலவசப் பதிப்பிலேயே. ஆனால் அது கேட்பது 16 ஜீபி ரேம். எங்களிடம் இருந்தது 4. நல்ல கணினி கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

கெப்கட் போனிலேயே ஓடும், ஒரு நிமிடத் துண்டுக்குப் போதும். எட்டு நிமிடத்தில் பேட்டி, பின்னணிச் சத்தம், பாட்டு என்று அடுக்கும்போது விரல் நுனியில் வெட்டுவது பெரும்பாடு.

மிச்சம் ஷொட்கட்டும் கேடென்லைவும், இரண்டும் முழு இலவசம். எங்களை அதிகம் அலைக்கழித்த சிக்கல் இங்கேதான் தீர்ந்தது: அம்மாயி பேசுகிறார், வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். விடியற்காலை வெளிச்சம் குறைவாக இருந்தால் போன் தானாகவே பிரேம் வேகத்தை, அதாவது ஒரு செக்கனுக்குப் பதிவாகும் படங்களின் எண்ணிக்கையை, குறைத்துவிடும், வேகம் மாறி மாறிப் பதிவான வீடியோவில் போகப் போக சத்தம் விலகும். அப்படியான கோப்பைப் போட்டதும் ஷொட்கட், எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று தானே கேட்கிறது. ஆம் என்று சொல்லுங்கள், கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. கேடென்லைவிலும் அப்படி மாற்றலாம். ப்ரொக்ஸியும் இரண்டிலும் உண்டு: வெட்டுவதற்கு மட்டும் சிறிய நகல், கடைசியில் வெளிவருவது அசல் தரத்தில். அதைப் போட்டபிறகுதான் எங்கள் லெப்டொப் மூச்சு விட்டது.

சரி, இரண்டில் எது? முதல் தடவை எடிட் பண்ணுகிறீர்கள் என்றால் ஷொட்கட், ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும். நாங்கள் முடித்தது கேடென்லைவில். பெட்டரி செத்துப்போன லெப்டொப், மழைக்குக் கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். திரும்பத் திறக்கும்போது தானாகச் சேமித்ததை மீட்கவா என்று கேடென்லைவ் கேட்டது, அரை நாள் வேலை தப்பியது. ஷொட்கட்டும் தானாகச் சேமிக்கும்தான், ஆனால் சத்தத் தடங்கள் ஐந்தாறு ஆனபோது அவற்றைக் கையாள கேடென்லைவின் மிக்ஸர் எங்களுக்கு வசதியாக இருந்தது. கேடென்லைவில் தமிழ்த் தலைப்பும் கொம்பு கலையாமல் வருகிறது, பாமினி என்ற பழைய எழுத்துருவை விட்டு யூனிகோடில் அடித்தால்.