6 வருட டைனமோ, ஒரு ஊசி மீட்டர்

பழைய கார் கைக்கு வந்து 6 வருடம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இன்னும் அதே டைனமோதான். பிற்காலக் கார்களில் அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு மாற்றச் சொல்லாத ஆளில்லை.

டைனமோவின் உடம்பில் குத்தியிருந்த நம்பரை அழுக்குப் போகத் துடைத்த பிறகுதான் அது லூகாஸ் சி40, 22 ஆம்பியர் என்றே தெரிந்தது. காரோடு வந்த சீட்டில் சி39 என்று இருந்தது. அது 19 ஆம்பியர். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. சீட்டை நம்பாதீர்கள், குத்தியதை நம்புங்கள்.

முதல் வருடமே சார்ஜ் நின்றது. சாவி போட்டதும் எரியும் சார்ஜ் லைட், என்ஜின் வேகம் கூடியதும் அணைந்தது, இன்னும் மிதித்தால் மறுபடி எரிந்தது. அந்த 'மறுபடி'யை நான் யோசிக்கவே இல்லை. டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி போச்சு என்று முடிவுகட்டி, பழுது பார்த்த பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். அதே கதை.

அப்புறம்தான் ஊசி மீட்டர் எடுத்தேன். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். டைனமோவுக்கு ஊசிதான் சரி. டைனமோவின் டி (சார்ஜ் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்டு முனை) வயர்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். என்ஜின் 1000 சுற்றைத் தாண்டக் கூடாது, ஊசி 20 வோல்ட்டுக்குப் போகக் கூடாது. ஊசி அசையவே இல்லையென்றால் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அரை, ஒரு வோல்ட்டில் நின்றால் உள்ளே காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயில் மேல் சந்தேகம். நாலைந்தில் தேங்கினால் சுழலும் பாகமான ஆர்மேச்சர் மேல். என்னுடையது தயங்காமல் ஏறியது. டைனமோ மேல் குற்றமில்லை.

மிச்சம் இருந்தது பெட்டியின் எர்த் வயர். திருகுக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. எர்த் இல்லாவிட்டால் பெட்டிக்குள் டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் ஸ்விட்சான கட்-அவுட் மூடாது, பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. ரெகுலேட்டரும் பிடித்து நிறுத்தாததால் டைனமோ வோல்ட் இஷ்டத்துக்கு ஏறும். அது பேட்டரி வோல்ட்டைத் தாண்டியதும், இரண்டுக்கும் நடுவே இருக்கும் லைட் மறுபடி எரிந்தது அதனால்தான். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினேன். பழைய பெட்டியை மாட்டியதும் சார்ஜ் வந்தது.

டைனமோவைக் கழற்றி மாட்டினால் அதன் துருவத்தைக் காருக்கு ஏற்றபடி அமைக்க மறக்கக் கூடாது. என் கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் முனையில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் டைனமோ எந்தத் துருவத்தில் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

இந்த 6 வருடத்தில் செலவு என்று பார்த்தால் ஒரு ஜோடி பிரஷ், அவ்வப்போது பின்பக்கப் புஷ்ஷுக்கு நாலு சொட்டு என்ஜின் ஆயில். ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குவது உண்மைதான். இரவில் நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்கு ஆல்டர்னேட்டரே மேல். எனக்கு அந்தத் தேவை இல்லை.

அன்று வாங்கிய பெட்டி அட்டைக்குள் கிடக்கிறது. போன மாதம்தான் அதிலிருந்த எண்ணைப் படித்தேன். 19 ஆம்பியருக்கு அமைத்தது.