ஒரே பாட்டு: 1970-ஆ, 2020-ஆ?

பிரிட்டிஷ் பாடகர் கேட் ஸ்டீவன்ஸின் ‘ஃபாதர் அண்ட் சன்’ 1970-இல் வந்தது. தகப்பனுக்குத் தணிந்த குரல், மகனுக்கு உச்சக்குரல் என இருவரையும் அவரே பாடுகிறார். மகன் வரிகளில்தான் உயிர் இருக்கிறது.

பின்னாளில் யூசுஃப் எனப் பெயர் மாற்றிக்கொண்ட அவர், 2020-இல் அதையே மறுபடி பாடி வெளியிட்டபோது வயது 72. தகப்பன் வரிகள் இன்றைய குரலில். மகனுக்கு? 1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில் தான் பாடிய பதிவையே எடுத்து வைத்துவிட்டார்.

சோமனூரில் கரண்ட் போய்த் தறிச்சத்தம் அடங்கிய மதியம், இரண்டையும் ஐயனுக்குப் போட்டேன். இங்கிலீஷ் தெரியாது. பஞ்சு ஒட்டிய விரலால் போனைத் தொட்டு, “அந்தப் பெரியவரு பாடினதை இன்னொருக்கா போடு கண்ணு” என்றார்.

வேகத்துக்கு 1970 சரி. எனக்கும் பெரியவர்தான்.