செய்தியில் வரும் ‘ஃபேட்’: அகராதியா, செயலியா, இரண்டு நாளிதழ்களா?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் ஆங்கில நாளிதழில் இடறி நிற்கும் சொற்களில் ஒன்று ‘ஃபேட்’. தனியே நின்றால் விதி என்று எவரும் சொல்லிவிடுவர். ‘சீல்டு’, ‘டெம்ப்ட்’, ‘ஹேங்ஸ் இன் த பேலன்ஸ்’ என மரபுத்தொடராகும்போதுதான் சிக்கல். அதைத் தீர்க்க வழிகள் நான்கு: ஆங்கில–தமிழ் அகராதி, கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி, கைபேசிச் செயலி, ஒரே செய்தியை இருமொழி நாளிதழ்களிலும் படிப்பது.

இவற்றுள் முதலாவது இப்பணிக்கு மிகக் குறைவாகவே உதவும். அது தரும் ஊழ், விதி என்பவை தத்துவம் சார்ந்த சொற்கள். செய்தியாளர் எழுதும் ‘ஃபேட்’ பெரும்பாலும் ‘என்ன கதி ஆகுமோ’ என்று நாம் கேட்கும் கதிதான். சட்ட முன்வடிவுக்கும் மூடப்படும் ஆலைக்கும்கூட ஆங்கிலத்தில் ‘ஃபேட்’ உண்டு. அவற்றுக்கு முற்பிறவி வினை ஏதும் இல்லை.

செயலியிடம் முழு வாக்கியத்தையும் கொடுத்தால் பல நேரங்களில் சரியாகச் சொல்லும். தொடரைத் துண்டாகக் கொடுத்தால் தடுமாறும். ‘டெம்ப்ட் ஃபேட்’ என்பது மிதப்பில் பேசியோ வேண்டாத ஆபத்தில் இறங்கியோ வினையை விலைக்கு வாங்குவது; ‘விதியைச் சோதிப்பது’ என்ற பதில் மாணவரை எங்கும் கொண்டு சேர்க்காது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியிலிருந்து வளர்ந்ததே ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே அமைந்ததால் மரபுத்தொடர்களை எளிய சொற்களில் விளக்குகிறது. ‘சீல் ஒன்ஸ் ஃபேட்’ என்றால் கேடான முடிவு உறுதியாகிவிட்டது என்று பொருள். பிரிட்டன் செய்திக்கு இது போதும். ஆனால் தருமபுரி மக்களவைத் தொகுதியில் 2024 ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்து ஜூன் 4 அன்றுதான் எண்ணிக்கை நடந்தது. இத்தகைய இடைவெளியில் வேட்பாளர்களின் ‘ஃபேட்’ இயந்திரங்களில் ‘சீல்டு’ என்று எழுதுவது இந்திய நாளிதழ்களின் வழக்கம். அகராதிப்படி படித்தால் அனைவருமே தோற்றதாகிவிடும்! வாக்குப்பதிவு முடிந்து இயந்திரங்களுக்கு முத்திரை வைத்தாயிற்று என்பதே செய்தி என்பது பக்கத்தில் தமிழ் நாளிதழ் இருந்தால் உடனே விளங்கும். எண்ணிக்கையின் தொடக்கச் சுற்றுகளில் பா.ம.க.வின் சௌமியா அன்புமணி முன்னிலை பெற்று, பின்னர் தி.மு.க.வின் ஆ. மணி வென்றார். முடிவு எந்தப் பக்கம் என்று தெரியாத அந்த இடைநிலையைத்தான் ‘ஹேங்ஸ் இன் த பேலன்ஸ்’ குறிக்கிறது. தமிழ் நாளிதழ்கள் அதை இழுபறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்.

இரு நாளிதழ் முறைக்கு இன்னொரு வலுவும் உண்டு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இதை ஒருவர் ‘மெட் தேர் ஃபேட்’ என்று எழுதினால், அகராதி ‘இறந்தன’ என்று மட்டும் சொல்லும். வேலி போட்டவர் அந்தத் தொடருக்குள் மறைந்துபோனதை, ‘மின்வேலியில் சிக்கி’ என்ற தமிழ்த் தலைப்பே காட்டும். ஆகவே உள்ளூர், மாநிலச் செய்திகளுக்கு என் தேர்வு இதுதான். இரண்டையும் விலைக்கு வாங்க இயலாதவர்கள் நூலகத்தில் படிக்கலாம்.

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழ் நாளிதழ்கள் சுருக்கியே தருவதால் அங்கே கற்போர் அகராதிதான் கைகொடுக்கும். ‘ஃபெய்ட் அக்காம்ப்ளி’ போன்றவற்றுக்கும் அதுவே தேவை: காதுக்கு விதிபோல ஒலித்தாலும் அது பிரெஞ்சுத் தொடர், இனி மாற்ற முடியாதபடி முடிந்துபோன காரியம் என்பதே அதன் பொருள்.