ஒளு செய்யும் இடத்துக்கு எந்தக் குழாய்? புஷ் டேப், மிஸ்ட் நாஸில், ஃபோம் ஃப்ளோ

பள்ளிவாசலில் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாவது) செய்யும் இடத்தைப் புதுப்பிக்கும்போது, தண்ணீர் மிச்சமாகிற குழாய் வேண்டும் என்று ஜமாஅத்தார் கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது புஷ் டேப்பைத்தான். ஒரு தடவை அமுக்கினால் சில நொடி ஓடி, தானே நின்றுவிடும். சாப்பிட்டுக் கை கழுவ நல்ல குழாய். ஒளுவுக்கு வேண்டாம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. முத் என்பது இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவு: முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஹனஃபி சட்டப்பள்ளியின் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் புஷ் டேப் 6 நொடி ஓடினால் ஓர் அமுக்குக்கு 800 மில்லி. நபியவர்கள் முழு ஒளுவுக்கும் எடுத்துக்கொண்ட தண்ணீர், மணிக்கட்டுவரை கழுவி முடிப்பதற்குள் சாக்கடைக்குப் போய்விடுகிறது. பத்துத் தடவை அமுக்கினால் 8 லிட்டர். வாய் கொப்பளிக்கும்போதும் தலைக்கு மஸஹு செய்யும்போதும் (ஈரக் கையால் தடவும்போதும்)கூட, நொடி முடியும்வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நடுவில் நிறுத்த வழியில்லை.

இன்னொரு சிரமம்: இடது முழங்கையை வலது கையால் தேய்க்கும் நேரத்தில் தண்ணீர் நின்றால், ஈரக் கையால் மறுபடி அமுக்க வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இது வேதனை. போர் தண்ணீரில் மணல் வந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஊசித் துவாரம் அடைபடும். அப்புறம் குழாய் மூடவே மூடாது. ராத்திரி இஷாவுக்குப் பிறகு அப்படி மாட்டிக்கொண்டால் பஜ்ருக்குள் (விடியல் தொழுகைக்குள்) மேல்தொட்டி காலி.

அடுத்தது மிஸ்ட் நாஸில். தண்ணீரைப் பனிபோலத் தூவும்; பெட்டியில் போட்டிருக்கும் சேமிப்பு சதவீதமும் பெரிதாக இருக்கும். ஆனால் முகம், கை, கால் மூன்றையும் கழுவ வேண்டும் என்பது சட்டம். கழுவுதல் என்றால் உறுப்பின்மேல் தண்ணீர் வழிந்தோட வேண்டும். பனித்தூவலில் தோல் நனைகிறது, வழிவதற்கு நேரமாகிறது. வக்து (தொழுகை நேரம்) நெருங்கும் அவசரத்தில் முதலில் காய்ந்தே நின்றுவிடுவது குதிகால்தான். சரியாக நனையாத குதிகால்களைப் பற்றி நபியவர்கள் நரகத்தைச் சொல்லி எச்சரித்திருக்கிறார்கள். சிக்கனம் ஒளுவைக் குறைப்படுத்தக் கூடாது. இதையும் ஒதுக்கிவிடலாம்.

வாங்க வேண்டியது: கால் சுற்று திருப்பினாலே திறந்து மூடும் அரை அங்குல பிப் காக் (சுவர்க் குழாய்), வாயில் நிமிடத்துக்கு 3 லிட்டர் விடும் ஃபோம் ஃப்ளோ வலை. தண்ணீர் காற்றோடு கலந்து கெட்டியாக வரும், கையில் பட்டு வழியும், தெறிக்காது. தேய்க்கும்போது ஒரு விரலால் மூடிவிடலாம். அப்படி மூடித் திறந்து செய்தால் குழாய் மொத்தமாக ஒரு நிமிடம் ஓடும், 3 லிட்டரில் ஒளு முடியும். ஜும்ஆவுக்கு 200 பேர் ஒளுச் செய்தால் புஷ் டேப்பில் 1600 லிட்டர், இதில் 600.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வாயில் மரை இல்லாத பழைய பித்தளைக் குழாயில் வலை ஏறாது. குழாயையே மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றியதும் லைனைத் திறந்துவிட்டுச் சேறும் மணலும் போகவிடுங்கள். அதைச் செய்யாமல் மாட்டினால் முதல் நாளே வலை அடைத்துக்கொள்ளும். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே பத்துச் சுற்று. பிளாஸ்டிக் எல்போவில் பலம் கொடுத்து முறுக்கினால் சுவருக்குள் விரிசல் விடும். தொட்டி பத்தடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான்; பெட்டியில் போட்ட 3 லிட்டர் வராது. அதனால் ஒரே ஒரு குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள். 20 நொடியில் நிறைந்தால் சரி. 35 நொடிக்கு மேல் போனால் இன்னும் சற்று அதிகம் விடும் வலையை மாற்றிப் போடுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் மாதம் ஒரு முறை வலையைக் கழற்றி, வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். வெள்ளைப் படிவம் ஏறிய வலை தண்ணீரைப் பக்கவாட்டில் பீய்ச்சும். உடுப்பு நனைகிறதென்று யாராவது வலையைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இந்த வேலையை மோதினார் (பாங்கு சொல்பவர்) தலையில் மட்டும் கட்டாமல், மாற்று வலைகள் நாலைந்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் விரயம் உண்டு என்ற ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் சொல்வார்கள். ஆனால் ஒளுவில் வீண்விரயம் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்பதில் தடுமாற்றம் இல்லை. வக்ஃபுத் தண்ணீரில் (அறத்துக்கென்று விடப்பட்ட தண்ணீரில்) அதுவே ஹராம் (தடுக்கப்பட்டது) என்று ஹனஃபி நூல்கள் இன்னும் கடுமையாகச் சொல்கின்றன. பள்ளிவாசல் தொட்டியில் இருப்பது வக்ஃபுத் தண்ணீர்.

கழிவுநீர்க் குழாயையும் அதே வேலையோடு திருப்பிவிடுங்கள். ஒளுவில் பயன்பட்ட நீர் சுத்தமானதுதான், மறுபடி ஒளுவுக்கு ஆகாது, அவ்வளவே. சாக்கடையில் சேர்க்காமல் தனியாக இழுத்தால் வளாகத்துத் தென்னைக்குப் பாயும்.